அந்தக் கால் என்ன செய்கிறது

கால்காரர் அடுப்பிலிருந்து தகட்டை எடுக்கும் நேரத்தில் வீடே பற்றி எரிந்தாலும் அவரைக் கூப்பிடக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். செயற்கைக் கால் செய்கிறவருக்கு அந்த ஒரு நிமிஷம்தான் தொழிலே. வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு சூட்டில் கண்ணாடிபோல் தெளிந்து, நடுவில் தொய்ந்து வரும். அந்தப் பதத்தில் இரண்டு கையாலும் அள்ளி, தலைகீழாக நிற்கும் அச்சின் மேல் ஒரே இழுப்பில் போர்த்திவிட வேண்டும். அச்சு என்பது காலை இழந்தவரின் மிச்சக் காலை மாவுக்கட்டில் அப்படியே வார்த்தெடுத்த வெள்ளைக் கட்டை. கொஞ்சம் அசந்தால் தகடு ஆறி மடிப்பு விழுந்துவிடும். பிறகு அதில் கோழிக்குத் தண்ணீர் வைக்கலாம், வேறு எதற்கும் ஆகாது.

அன்றைக்குச் சட்டத்தை மீறியது அவருடைய மனைவிதான். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள வாசற்படியோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, கால்களை இடுப்பிலும் தொடையிலும் பிடித்துக்கட்டும் பெல்ட்டுகளைத் தைக்கிறவள் அவள். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் பெல்ட்டக்கா. மகள் தெருவிலிருந்து செருப்போடு உள்ளே ஓடி வந்து, மருத்துவத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னதும் பெல்ட்டக்காவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியாது. கால்காரர் திரும்பிப் பார்த்தார். தகடு கோணிக்கொண்டது.

அவர் வீணாய்ப் போன தகட்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "போகுது விடு," என்றார். "டாக்டரோட அப்பன் ஒரு தகடு கூடவா வீணாக்கக் கூடாது?"

உள்ளே கூடத்தில் முக்காலியின் மேல் பாதிக்காலை நீட்டி உட்கார்ந்திருந்த டிரைவர், முதல் நோயாளி தான்தான் என்றும் வரிசையில் தன்னை யாரும் முந்தக் கூடாது என்றும் சத்தமாகச் சொன்னார். டிரைவர் என்றால் பெல்ட்டக்காவின் தம்பி. வண்டி ஓட்டுவதை விட்டு வருஷங்கள் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது.

சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை. மகளை அந்த வீட்டில் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அண்ணன் பெரியவன் இல்லாமல் போன பிறகும் அவள் சின்னவளாகவே இருந்தாள். இன்னொரு இடமும் கிடைத்திருக்கிறது என்று அவள் சொன்னாள். மருத்துவ உளவியல். வார முடிவுக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும்.

"எனக்கு அதுதான்மா வேணும்," என்றாள்.

பெல்ட்டக்காவுக்கு மகிழ்ச்சி வந்த வேகத்திலேயே வடிந்தது. கால்காரர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள், நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதானே அந்தப் படிப்பு என்றார். "உங்கம்மா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பேசுறா, நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். எனக்கு எவனும் பட்டம் குடுக்கலியே." சின்னவள் அதற்கும் சிரிக்கவில்லை.

அவளுக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது பெல்ட்டக்காவுக்குத் தெரியும். முடிந்த கால்களைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்க் கொடுப்பது சின்னவளின் வேலை. அங்கே கால், கை இழந்தவர்கள் வார்டில் ஒரு பெண் வருவாள். வெள்ளைக் கோட்டு கிடையாது, கழுத்தில் குழாய் கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஒருநாள், நூற்பாலை மெஷினில் கையைக் கொடுத்த ஒரு ஆளிடம் அவள் கேட்டாளாம், "உங்க கை இப்ப என்ன செய்யுது?" என்று. இல்லாத கையைப் பற்றி இது என்ன கேள்வி என்று சின்னவள் நினைத்தாளாம். அந்த ஆளோ தயங்காமல், நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது, விட மாட்டேன் என்கிறது என்று சொன்னாராம். சொல்லிவிட்டு அழுதாராம். பிறகு அவர்கள் இருவரும் அந்தக் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம்.

சின்னவள் இதைச் சாப்பாட்டு நேரத்தில் கண் விரியச் சொன்னபோது பெல்ட்டக்கா பருப்பில் உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றார் கால்காரர். போதாது என்றார் டிரைவர். பேச்சு உப்புக்குப் போய்விட்டது. மகள் இந்தக் கேள்வியை யாரிடம் முதலில் கேட்பாள் என்று பெல்ட்டக்கா அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குப் பயம்தான்.

நடந்தது இதுதான். டிரைவர் சொந்தமாக ஒரு லாரி வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் பெரியவன் மாமாவோடு போகிறேன் என்று அடம்பிடித்துப் போனான். போகட்டும், நாலு ஊர் பார்க்கட்டும் என்று பெல்ட்டக்காதான் முட்டை அவித்து, ரொட்டியோடு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். மலை இறக்கத்தில் வண்டி நிற்காமல் போய் ஒரு பாலத்துச் சுவரில் மோதியது. பெரியவன் அங்கேயே போய்விட்டான். டிரைவருக்கு வலது கால் முட்டிக்குக் கீழே போனது.

ஆஸ்பத்திரியில் டிரைவர் கண் விழித்து, அக்கா என்று வாயெடுத்தபோது பெல்ட்டக்கா அவர் வாயைத் தன் கையால் பொத்தினாள். அதைப் பற்றி ஒரு பேச்சு கூடாது, இன்றைக்கும் கூடாது, என்றைக்கும் கூடாது என்றாள். பார்த்தவர்கள் எல்லாம், என்ன மனசு, பிள்ளையைப் பறிகொடுத்த இடத்திலும் தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று உருகினார்கள். அது மனசு இல்லை, பயம். டயர் கடைக்காரன் ஒருவன், டிரைவர் ஓட்டும்போதே கண் அசந்துவிட்டார் என்று யாரிடமோ சொன்னது அவள் காதுக்கு வந்திருந்தது. கேட்டு, ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால்? அதன் பிறகு இந்தக் கையால் அவருக்குச் சோறு போட முடியுமா? அப்பா அம்மா போன பிறகு அவளே தோளில் போட்டு வளர்த்த தம்பி. வேறு போக்கிடம் இல்லாதவர். கேட்காத வரைக்கும் தம்பி தம்பிதான் என்று அவள் வாயைக் கட்டினாள். வீட்டிலுள்ளவர்கள் வாயையும் கட்டினாள்.

வாயைக் கட்டினால் போதுமா? கால் பேசியது. வெட்டி எடுத்த பாதம் டிரைவருக்கு வலித்தது. மழைக்கு முன்னால் வானம் இருட்டிக்கொண்டு வரும்போதும், தெருவில் கனமான வண்டி ஏதாவது போகும்போதும் அது வந்துவிடும். விரல்கள் கீழ்நோக்கி மடங்கி இறுகுகின்றன என்பார். கெண்டைக்காலில் நரம்பு பிடிக்கிறது என்பார், கெண்டைக்காலே இல்லாமல். முக்காலிக்கு முன்னால் வெறும் காற்று இருக்கும் இடத்தைக் கையால் தடவுவார். அந்த வீட்டில் யாரும் அந்த இடத்தை மிதிப்பதில்லை. யாரும் சொல்லி வைத்துக்கொண்டதல்ல. தானாக வந்த பழக்கம். பெல்ட்டக்கா கூடம் பெருக்கும்போது துடைப்பம் அங்கே வந்து வளைந்து போகும். இன்னொன்றும் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்தால் டிரைவர் தன் இடது பக்கத்தில் ஒருவரையும் உட்கார விடமாட்டார். லாரியில் பெரியவன் உட்கார்ந்திருந்த பக்கம் அது. பெல்ட்டக்கா பார்த்தும் பார்க்காதவளாக இருந்தாள். இப்படி, இறந்துபோன ஒரு பையனும் வெட்டிப்போட்ட ஒரு பாதமும் அந்தச் சின்ன வீட்டில் ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

கால்காரரோ குற்றம் தன் வேலையில்தான் என்று நம்பினார். வேறு யாராக இருந்தாலும் மருந்து மந்திரம் என்று போயிருப்பார்கள். கால் செய்கிறவருக்குக் கால்தானே கண்ணுக்குத் தெரியும். மிச்சக் கால் நுழையும் கிண்ணம் சரியில்லை என்று புதிதாக அச்சு எடுத்தார். பெல்ட்டை மாற்றச் சொன்னார். விரல் கீழே அமுக்குகிறது என்று டிரைவர் சொன்னதற்காக ரப்பர் பாதத்தின் முன்பக்கத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தார். அடுத்த காலில் இன்னும் கொஞ்சம். இல்லாத பாதத்தின் வலிக்கு இருக்கிற பாதத்தைத் திருத்திக்கொண்டே போனதில், டிரைவர் குதிகாலை ஊன்றி, பனிக்கட்டியில் நடக்கிறவர்போல நடக்க ஆரம்பித்தார். இடுப்பு வலி தனியாக வந்து சேர்ந்தது. பழைய கால்களெல்லாம் பட்டறைச் சுவரில் வரிசையாகத் தொங்கின. மரவட்டைக்குக்கூட இத்தனை ஜோடி இருக்காது என்று டிரைவரே கிண்டல் செய்வார்.

இதற்கிடையில் அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், முட்டிக்கு மேலே வெட்டிவிடுங்கள் என்று டாக்டரிடம் கெஞ்சியும் பார்த்தார். டாக்டர் நல்ல மனிதர். படங்களை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். எலும்பு சுத்தம், தோல் சுத்தம், நல்ல முட்டியை வெட்ட மாட்டேன் என்றார். மாத்திரை கொடுத்தார். அந்த வார்டுக்கு வரும் பெண்ணை ஒருமுறை பார்க்கும்படியும் சொன்னார். பெல்ட்டக்கா மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு தம்பியைக் கூட்டி வந்துவிட்டாள். ஒருநாள் தன் மகளே டாக்டராகி இதற்கு ஒரு மருந்தோ கத்தியோ கண்டுபிடிப்பாள் என்பது அவள் கனவு. மருந்து கேள்வி கேட்காது. கத்தி கேள்வி கேட்காது. அதனால்தான் அவளுக்கு டாக்டர் படிப்பு வேண்டும். அந்தப் பெண்ணின் நாற்காலி வேண்டாம்.

ஆகவே அந்த வாரம் முழுக்க வீட்டில் போர். பெல்ட்டக்கா கெஞ்சினாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், சாப்பிடாமல் படுத்தாள். பக்கத்து வீட்டுக்காரியைத் தூதுவிட்டாள். அவள் வந்து, பைத்தியங்களோடு பழகினால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று தன் அறிவைக் கொட்டிவிட்டு டீ குடித்துப் போனாள். சின்னவள் பொறுமையாக எல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒன்று சொன்னாள்.

"நம்ம வீட்டுல எல்லாரும் காலைத்தான் பாக்குறோம். அப்பா காலைப் பாக்குறாரு. நீ பெல்ட்டைப் பாக்குற. டாக்டரும் காலைத்தான் பாத்தாரு. மாமாவ யாருமே பாக்கலியேம்மா."

"அதெல்லாம் நான் பாத்துக்குறேன்," என்றாள் பெல்ட்டக்கா. "நீ போய் ஊசி போடக் கத்துக்க."

வியாழக்கிழமை மத்தியானம் மின்சாரம் போயிற்று. அடுப்பு ஆறிவிட்டதால் கால்காரர் அரத்தை எடுத்து ஓர் அச்சின் விளிம்பைச் சும்மா தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை வரப் பார்த்து வராமல் புழுங்கியது. டிரைவருக்கு வலி வந்திருந்தது. சின்னவள் தரையில் உட்கார்ந்து அவருடைய பாதிக்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். தையல் மெஷினுக்கு மின்சாரம் தேவையில்லை. பெல்ட்டக்கா மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடகடவில் தான் பேசுவது கேட்காது என்று சின்னவள் நினைத்திருக்க வேண்டும்.

"மாமா, அந்தக் கால் இப்ப என்ன செய்யுது?"

டிரைவர் சிரித்தார். "இல்லாத கால் என்ன செய்யும்? சும்மா இருக்க மாட்டேங்குது, அவ்ளோதான்."

"சும்மா இல்லேன்னா, என்ன செய்யுது?"

அவர் முக்காலிக்கு முன்னால் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார்.

"மிதிச்சிக்கிட்டிருக்கு," என்றார்.

"எதை?"

"பிரேக்கைத்தான். வேற எதை மிதிக்கும்?" அவர் குரல் யாருக்கோ வழி சொல்வதுபோல சாதாரணமாக இருந்தது. "அடி வரைக்கும் மிதிச்சாச்சு. அதுக்குக் கீழ எடம் இல்ல. பிடிக்கவும் மாட்டேங்குது. காலை எடுக்கவும் முடியல. எடுத்தா வண்டி போயிரும்ல?"

மெஷின் நின்றுவிட்டது. அரமும் நின்றுவிட்டது. டிரைவரின் தொடை மட்டும் நடுங்கியது. முக்காலி தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டது. சின்னவள் இரண்டு கையாலும் தொடையைப் பிடித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, போகுது போகுது என்றார். வலி போகிறது என்கிறாரா, வண்டியா என்று யாரும் கேட்கவில்லை.

"போதும்," என்றாள் பெல்ட்டக்கா. எழுந்து வந்து மகளின் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். "உள்ள போ. உன் படிப்பெல்லாம் இந்த வீட்டுல வேணாம். உள்ள போடி."

அன்றைக்கு வந்த வலி போல முன்பு எப்போதும் வந்ததில்லை. மாத்திரை கேட்கவில்லை. சாயங்காலம் வரை டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கால்காரர் பட்டறைக்குப் போய், மச்சான் கழற்றி வைத்திருந்த காலை எடுத்து, அதில் மேலே தூக்கி வைத்திருந்த ரப்பர் பாதத்தைப் பழையபடி தட்டையாகத் திருப்பி முடுக்கினார். "இத்தனை நாளா அவன் காலை பிரேக்லேர்ந்து தூக்கத்தான் பாத்திருக்கேன்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலையில் சின்னவள் அம்மாவிடம் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. மருத்துவத்துக்கே சரி சொல்லிவிடுகிறேன் என்றாள். தான் கேட்டிருக்கக் கூடாது என்றும், அந்தப் பெண் கேட்டதைப் பார்த்துவிட்டுத் தானும் கேட்டுவிட்டதாகவும், கேட்டதற்கு அப்புறம் என்ன செய்வது என்று தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னாள். "மாமாவ இன்னும் மோசமாக்கிட்டேன்மா. எனக்கு அது வேணாம். பயமா இருக்கு."

பெல்ட்டக்கா ஜெயித்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். அவள் சந்தோஷப்பட்டு இன்னொரு டீ குடித்தாள். ஜெயித்தவள் மெஷினில் வந்து உட்கார்ந்து பெடலில் கால் வைத்தாள். மிதித்தாள். நிறுத்தினாள். தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள். மிதிக்கிறது என்றால் தம்பி முழித்திருந்தான் என்று அர்த்தம். தூங்குகிறவன் கால் பிரேக்குக்குப் போகாது. தூங்கிவிட்டான் என்று நம்பிக்கொண்டே இத்தனை நாளும் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள். போடும் ஒவ்வொரு பிடியிலும் உள்ளுக்குள் ஒரு வசவு இருந்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். தம்பி தூங்கவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் அடுத்தது வந்தது. அவன் மிதித்துக்கொண்டிருந்தான், சரி. அப்போது என் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தான்?

அந்தக் கேள்வி வந்த பிறகு அவளால் ஒரு பெல்ட்டும் தைக்க முடியவில்லை. அவன் கத்தினானா? அம்மா என்றானா? மாமாவின் கையைப் பிடித்தானா? இத்தனை வருஷம் அவளிடம் வராத அந்த மலை இறக்கம் இப்போது அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் போகும்போது தரை சரிவாக இருப்பதுபோல் அவளுக்குப் பட்டது. வெங்காயம் நறுக்கும்போது பெரியவன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்துவதுபோல் பின்னால் ஒரு மூச்சு கேட்டது. திரும்பினால் யாரும் இல்லை. கேட்காமல் வைத்திருந்தால் பேய் தூங்கும் என்று நினைத்தாள். பாதி கேட்டு விட்டதில் அது எழுந்து உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை கால்காரர் அளவெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சின்னவள் உள்ளறையில் போனை வைத்துக்கொண்டு கல்லூரிக்குச் சரி சொல்ல உட்கார்ந்திருந்தாள். மத்தியான வெயில் பட்டறைத் தரையில் இருந்த மாவுத்தூளின் மேல் விழுந்திருந்தது. பெல்ட்டக்கா கை துடைத்துக்கொண்டு வந்து, தம்பியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அவன் என்ன செஞ்சிக்கிட்டிருந்தான்?" என்றாள்.

யார் என்று டிரைவர் கேட்கவில்லை. அக்கா தன் வாயைப் பொத்தப் போகிறாளோ என்பதுபோல அவள் கைகளை ஒருமுறை பார்த்தார்.

"தூங்கிட்டிருந்தான்க்கா."

அவள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டான். நீ குடுத்த முட்டையைத்தான். கதவுல தலையச் சாச்சுத் தூங்கிட்டான். எறக்கம் ஆரம்பிச்சதும் பிரேக் பிடிக்கல. இந்தா பிடிச்சிரும், இந்தா பிடிச்சிரும்னே மிதிச்சேன். அவனைப் பாத்தேன். வாயத் தொறந்து தூங்குறான். எழுப்பினா பயந்துருவானேன்னு நெனச்சேன். எதுக்குப் பிள்ளைய பயமுறுத்தணும், நிறுத்திரலாம்னு நெனச்சேன்." டிரைவர் மூச்சு வாங்கினார். "நீளமான எறக்கம்க்கா. மொதல்ல வேகமே இல்ல. ஒரு சத்தம் போட்டிருந்தா எந்திரிச்சுக் குதிச்சிருப்பான். நேரம் இருந்துச்சு. நான் எழுப்பல."

அவருடைய பாதிக்கால் முக்காலியின் மேல் அசையாமல் கிடந்தது.

பெல்ட்டக்காவுக்கு முதலில் வந்தது நிம்மதி. பிள்ளை கத்தவில்லை. பயப்படவில்லை. வயிறு நிறைந்து தூங்கினான். அந்த நிம்மதி உடம்பெல்லாம் பரவியபோதே, அதே இடத்தில், அதே அளவுக்கு வெறுப்பும் வந்தது. எழுப்பியிருந்தால் இன்றைக்கு இருப்பான். ஒரு சத்தம். தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனசு வராத இந்தத் தம்பியை, குழந்தை தூங்கினால் வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று பழக்கியதே அவள்தான். அவரைக் கட்டிக்கொள்ள ஒரு கை எழுந்தது. அறைய இன்னொரு கை எழுந்தது. இரண்டும் பாதியில் நின்றன. கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் மகளைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட குரல் அவளுடையதாக இல்லை. சின்னவள் போனோடு ஓடி வந்தாள். வந்தவள் மாமாவின் முகத்தையும் அம்மாவின் கைகளையும் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"இன்னும் சொல்லலியே நீ?" என்று கேட்டாள் பெல்ட்டக்கா.

"இல்லம்மா. இப்பதான் சொல்லப் போறேன்."

"நான் கேட்டுட்டேன். இவனும் சொல்லிட்டான். எல்லாத்தையும் சொல்லிட்டான்." அவள் தம்பியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இப்ப நான் என்ன செய்யணும்? அடிக்கவா, சோறு போடவா? சொல்லு. நீ ஆரம்பிச்சதுதானே."

"எனக்குத் தெரியலம்மா."

"ஊசி போடுறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த நாற்காலிக்காரிக்கு?"

சின்னவள் போனைக் கீழே வைத்தாள். "தெரியும்னு சொல்ல முடியாது," என்றாள். "ஆனா எந்திரிச்சுப் போக மாட்டாங்க."

பெல்ட்டக்கா தலையாட்டினாள். தூக்கிய கைகளை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். டிரைவர் இப்போதுதான் அழ ஆரம்பித்திருந்தார்.

"அப்ப அதையே போய்ப் படி," என்றாள். "படிச்சு, தெரிஞ்சிக்கிட்டு வா. அது வரைக்கும் நானும் இவனும் இங்கதான் உக்காந்திருப்போம்."